ஏரியும் ஆலையும் ஒரே படத்தில்: ஒரகடம் தொழில்தடத்தின் இடர்களை வரைவது எப்படி?

2021 டிசம்பர் 15ஆம் தேதி. ஸ்ரீபெரும்புதூர் அருகே பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பாகங்களைப் பொருத்தும் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சானது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் இறந்துவிட்டதாக வதந்தி கிளம்பியது. 17ஆம் தேதி இரவு ஆலைப் பெண்கள் திரண்டுவந்து சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மறியல் மறுநாளும் நீடித்தது. சுமார் 17,000 பேர் வேலை பார்த்த ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12ஆம் தேதிதான் மறுபடி இயங்கத் தொடங்கியது. தொழிலாளர்கள் தங்கும் இடங்களும் உண்ணும் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்ட ஆப்பிள் நிறுவனம் ஆலையைத் தன் கண்காணிப்பின் கீழ் வைத்தது.

ஒரு சமையலறையில் தொடங்கியது, ஒரு நெடுஞ்சாலையையும் ஓர் ஆலையையும் உலகச் சந்தைக்குப் போகும் ஒரு பொருளையும் நான்கே வாரங்களுக்குள் தொட்டுவிட்டது. ஆலைக்குள் எந்த இயந்திரமும் பழுதாகவில்லை. மின்சாரம் நிற்கவில்லை. தீப்பிடிக்கவில்லை. ஆலையின் பாதுகாப்பு அதிகாரி வழக்கமாகக் கையில் வைத்திருக்கும் இடர்ப்பட்டியலில் உள்ள ஒன்றுகூட நடக்கவில்லை. ஆனாலும் ஆலை நின்றது. அந்தப் பட்டியல் சுற்றுச்சுவரோடு முடிந்துபோகிறது. விடுதி சுவருக்கு வெளியே, பல கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தின் பெரிய இடர்கள் எல்லாமே இப்படிச் சுவருக்கு வெளியே, ஒரு துறையின் பொறுப்பு முடிந்து இன்னொரு துறையின் பொறுப்பு தொடங்கும் இடத்தில்தான் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் முதலில் அவற்றை ஒரே தாளில் வரைய வேண்டும். அப்படி ஒரு படம் இல்லாததால் என்னென்ன நேர்ந்தது, அதை எப்படி வரையலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தடத்தின் அமைப்பு

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று ஆலைகள் வரிசையாக வரும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தெற்கே சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போகும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும் ஒரகடத்தில் குறுக்கிடுகின்றன. இந்தச் சாலைகளை ஒட்டித்தான் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம்–வடகால், ஒரகடம் சிப்காட் பூங்காக்கள் அடுத்தடுத்து வளர்ந்தன. 1998இல் ஹூண்டாய் இங்கே கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியா வந்தது. அடுத்த ஆண்டு சாம்சங். 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டின் ஒரகடம் ஆலை. இவற்றைச் சுற்றி இருக்கை தைப்பவர்கள், கண்ணாடி வார்ப்பவர்கள், டயர் செய்பவர்கள், தகடு அழுத்துபவர்கள் என்று சிறிதும் பெரிதுமான உதிரிபாக ஆலைகள்.

கார் ஆலைகள் உதிரிபாகங்களைக் கிடங்கில் குவித்து வைப்பதில்லை. தேவைப்படும் நேரத்துக்குத் தேவைப்படும் அளவு லாரி வந்து இறக்கிவிட்டுப் போக வேண்டும். செலவைக் குறைக்க இது நல்ல வழி. ஆனால் ஒரு லாரி வராவிட்டால் சில மணி நேரத்தில் லைன் நின்றுவிடும். 1997 பிப்ரவரி 1ஆம் தேதி ஜப்பானில் ஐசின் நிறுவனத்தின் ஓர் ஆலை எரிந்தது. பிரேக்கில் பொருத்தும் ஒரு சிறு வால்வை டொயோட்டாவுக்கு ஏறக்குறைய முழுக்க முழுக்க அந்த ஓர் ஆலைதான் கொடுத்துவந்தது. கைக்குள் அடங்கும் அந்த வால்வு இல்லாததால் உலகின் மிகத் திறமையான கார் உற்பத்தி அமைப்பு சில நாட்கள் முடங்கியது. ஒரகடத்தின் ஆலைகளும் அதே முறையைக் கற்றுக்கொண்டவை. அதன் சிக்கனமும் நொய்மையும் சேர்ந்தேதான் இங்கே வந்திருக்கின்றன.

கட்டங்களும் நிறங்களும்

இடரைப் படமாக்கும் முயற்சி புதிதல்ல. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், மினிட்மேன் ஏவுகணையின் கட்டுப்பாட்டு அமைப்பை ஆராய்வதற்காகத் தவறு மரம் என்ற முறை உருவானது. நடக்கக்கூடாத ஒன்றை உச்சியில் எழுதி, அது நடக்க என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்று கீழே கீழே கிளை பிரித்துக்கொண்டே போவார்கள். 1967இல் பிரிட்டனின் அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஃபார்மர், ஒரு விபத்து எத்தனை அடிக்கடி நிகழலாம், நிகழ்ந்தால் எவ்வளவு பாதிப்பு என்ற இரண்டையும் ஒரே வரைகோட்டில் வைத்துக் காட்டினார்.

இன்று தொழிற்சாலைகளிலும் அரசு அலுவலகங்களிலும் புழங்குவது இவற்றைவிட எளிமையான ஒன்று. ஒரு பக்கம் வாய்ப்பு, இன்னொரு பக்கம் பாதிப்பு என்று கட்டம் போட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு பூசிய அட்டவணை. அதைப் பார்த்ததும் புரிகிறது. கூட்டத்தில் காட்ட வசதியாக இருக்கிறது. ஆனால் 2008இல் காக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த அட்டவணைகளைக் கணித முறையில் ஆராய்ந்து, சில சூழல்களில் இவை உண்மையில் சிறிய இடரைப் பெரிய இடருக்கு மேலே வைத்துவிடும் என்று காட்டினார். எனக்கு அதைவிடப் பெரிய குறையாகப் படுவது வேறு. ஒவ்வோர் இடரும் அந்த அட்டவணையில் தனித்தனிக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளம் ஒரு கட்டம், மின்தடை ஒரு கட்டம், தொழிலாளர் வராமை ஒரு கட்டம். மூன்றும் ஒரே இரவில் ஒரே மழையால் வரும் என்பதைச் சொல்ல அந்தப் படத்தில் இடமே இல்லை.

கணக்கில் இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்று பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஓர் ஆலைக்கு மின்வாரிய இணைப்பு இருக்கிறது. மாற்றாக ஜெனரேட்டரும் இருக்கிறது. ஏதேனும் ஒரு நாளில் மின்வாரியம் கைவிட நூற்றில் ஒரு வாய்ப்பு, ஜெனரேட்டர் கைவிடவும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்று கொள்வோம். இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால் இரண்டும் ஒரே நாளில் போக வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. ஏறக்குறைய 27 ஆண்டுக்கு ஒரு நாள். எந்த மேலாளரும் நிம்மதியாக இருக்கலாம். இப்போது ஐந்து ஆண்டுக்கு ஒரு பெருமழை வந்து, துணைமின் நிலையத்திலும் ஜெனரேட்டர் அறையிலும் ஒருசேரத் தண்ணீர் புகும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். 27 ஆண்டு என்ற கணக்கு நான்கைந்து ஆண்டாகச் சுருங்கிவிடும். இரண்டு பாதுகாப்புகள் இருப்பதாக நினைத்த இடத்தில் அன்றைக்கு ஒன்றுகூட இல்லை.

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நடந்தது இதுதான். நிலநடுக்கம் வெளி மின்சாரத்தைத் துண்டித்தது. ஆழிப்பேரலை தாழ்வான தளங்களில் இருந்த டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. 2015 டிசம்பரில் நம் அடையாற்றங்கரையிலும் நடந்தது. மணப்பாக்கத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்குள் வெள்ளம் புகுந்து ஜெனரேட்டர்கள் செயலிழந்தன. தீவிர சிகிச்சையில் இருந்த நோயாளிகள் 18 பேர் இறந்ததாக அப்போது செய்தி வந்தது.

2015: தண்ணீர் வந்த வழி

டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. ஒரு ஏக்கர் பரப்பில் 47 செ.மீ. மழை பெய்தால் அது 19 லட்சம் லிட்டர். நூறு ஏக்கர் ஆலை வளாகம் என்றால் 19 கோடி லிட்டர். அந்த வளாகம் முன்பு புஞ்சையாகவோ மேய்ச்சல் நிலமாகவோ இருந்திருந்தால் மழையில் ஒரு பகுதியை மண் குடித்திருக்கும். மீதி வரப்புகளில் தங்கித் தங்கி மெல்ல வடிந்திருக்கும். கூரையும் கான்கிரீட்டும் போட்ட பிறகு அத்தனையும் உடனே வெளியேற வேண்டும்.

எங்கே வெளியேறும்? பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று அழைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பாலாற்றுக்கு வடக்கே உள்ள இந்த மேட்டுச்சரிவில் ஒரு ஏரியின் கலங்கல் வழிந்தால் அந்த நீர் அடுத்த ஊர் ஏரியின் வரத்துக்கால்வாயில் விழும். அந்த ஏரி நிரம்பினால் அதற்கடுத்தது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் இப்படித்தான் செம்பரம்பாக்கத்துக்கு வருகிறது. மணிமங்கலம் அருகே மலைப்பட்டு ஏரிப் பக்கத்தில்தான் அடையாறு தொடங்குவதாகக் கொள்வார்கள். அங்கிருந்து கடல் வரை சுமார் 42 கி.மீ. நீளந்தான். ஒரகடம், படப்பை பக்கத்து ஏரிகள், ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் என்று நீர் இறங்கிவந்து, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்தின் உபரிநீரோடு சேர்கிறது.

இந்த ஏரித்தொடரை நம் முன்னோர் எத்தனை கவனமாகக் கணக்கில் வைத்திருந்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரின் சுமார் 2,000 ஊர்களை அளந்தார். அந்த ஊர்களின் கணக்குகள் ஓலைச்சுவடிகளிலும் இருந்தன. ஊருக்கு எத்தனை வீடு, எவ்வளவு நிலம், ஏரி எது, விளைச்சலில் யார் யாருக்கு என்ன பங்கு என்றெல்லாம் அவற்றில் பதிவாகியிருக்கிறது. ஏரியைப் பராமரிப்பதற்கென்றே விளைச்சலில் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். ஒரு ஊரின் பிழைப்பு எவற்றையெல்லாம் சார்ந்திருக்கிறது என்பதை ஒரே கணக்கில் எழுதிவைக்கும் பழக்கம் அது. இன்றைக்கு ஏரி நீர்வளத் துறையிடம், சாலை நெடுஞ்சாலைத் துறையிடம், மனை சிப்காட்டிடம், குளம் குட்டை ஊராட்சியிடம் என்று பிரிந்து கிடக்கிறது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானதிலிருந்து இந்தத் தொழில்தடமே இரண்டு ஆட்சியர்களுக்கு இடையில் இருக்கிறது. மலைப்பட்டில் விழும் மழைத்துளி கடலைச் சேர்வதற்குள் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, சென்னை என மூன்று மாவட்டங்களைக் கடக்கிறது.

செம்பரம்பாக்கம் ஏரியின் நிலைமை இன்னும் இக்கட்டானது. அதன் கொள்ளளவு 3.645 டிஎம்சி, முழு உயரம் 24 அடி. சென்னைக்குக் குடிநீர் தரும் பெரிய ஏரிகளில் அது ஒன்று. பூண்டியிலிருந்து இணைப்புக் கால்வாய் வழியாகவும் நீர் வருகிறது. குடிநீருக்காக அது நவம்பரில் நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்குவதற்காக அதே நவம்பரில் இடம் விட்டுக் காலியாக இருக்க வேண்டும். ஒரே ஏரியிடம் எதிரெதிரான இரண்டு வேலைகளைக் கொடுத்திருக்கிறோம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி அதிலிருந்து வெளியேற்றம் விநாடிக்கு 29,000 கன அடிக்கு உயர்ந்தது. விநாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். நீர் வெளியேற்றிய விதத்தை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, கடுமையாகக் குறைகூறியது. மதகு திறப்பே எல்லாவற்றுக்கும் காரணம் என்று பேசுவது அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது. அந்த விமர்சனம் தேவையானது. ஆனால் அடையாற்றில் அன்று வந்த நீரில் பெரும்பங்கு செம்பரம்பாக்கத்தின் மதகு வழியாக வந்ததல்ல. யாரும் திறக்கவோ மூடவோ முடியாத, மதகில்லாத நீர்ப்பிடிப்பிலிருந்தும் நிரம்பி வழிந்த சிற்றேரிகளிலிருந்தும் வந்தது. மதகை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தத் தண்ணீர் கண்ணில் படவில்லை.

அந்த வெள்ள வாரத்தில் ஹூண்டாய், ரெனோ–நிசான், ராயல் என்ஃபீல்டு எல்லாம் உற்பத்தியை நிறுத்தின. பல ஆலைகளின் இயந்திரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் மூழ்கியிருந்தன. அந்த வீடுகளில் இருந்தவர்கள்தான் ஆலைக்கு வர வேண்டியவர்கள். கம்பெனி பஸ் ஓடவில்லை. உதிரிபாக லாரி வரவில்லை. விமான நிலையம் மூடிக்கிடந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது இதுவே மறுபடி நடந்தது. பாக்ஸ்கானும் பெகாட்ரானும் ஐபோன் உற்பத்தியை நிறுத்திவைத்தன.

தாய்லாந்து இதைவிடப் பெரிய அளவில் பட்டது. 2011 அக்டோபரில் அயுத்தயா, பாத்தும் தானி மாகாணங்களில் ஏழு தொழிற்பேட்டைகள் மூழ்கின. ரோஜனா தொழிற்பேட்டையில் ஹோண்டாவின் புதிய கார்கள் கூரைவரை தண்ணீரில் நின்றன. ஹார்டு டிஸ்க் ஆலைகள் மூழ்கியதால் உலகம் முழுவதும் ஹார்டு டிஸ்க் விலை ஏறியது. இழப்பு 1.43 லட்சம் கோடி பாத் என்று உலக வங்கி மதிப்பிட்டது. அந்தத் தொழிற்பேட்டைகளும் வெள்ளச் சமவெளியில், நெல் வயல்கள் இருந்த இடத்தில் கட்டப்பட்டவைதான்.

நான்கு வகை இணைப்பு

2001இல் ரினால்டி, பீரன்பூம், கெல்லி என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் உள்கட்டமைப்புகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் விதங்களை நான்காகப் பிரித்தார்கள். ஒன்று தரும் பொருளை இன்னொன்று பயன்படுத்துவது. ஒன்றின் தகவலை இன்னொன்று நம்பியிருப்பது. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் ஒரே ஆபத்துக்கு ஆளாவது. சட்டம், சந்தை, மனித முடிவு ஆகியவற்றின் வழியாகப் பிணைந்திருப்பது. இந்தப் பிரிவினையை நம் தொழில்தடத்தில் பொருத்திப் பார்த்தால் பல விஷயங்கள் தெளிகின்றன.

முதல் வகைக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு தண்ணீர். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் வறண்டு தரை வெடித்தது. அதே ஆண்டு கோயம்பேட்டில், சென்னையின் கழிவுநீரை எதிர்ச்சவ்வூடுபரவல் வரை சுத்திகரிக்கும் நிலையம் செயலுக்கு வந்தது. நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கொள்திறன். அந்த நீர் குழாய் வழியாக இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பூங்காக்களுக்குப் போகிறது. குடிநீரை ஆலைகளோடு பங்குபோடாமல் இருக்க இது மிக நல்ல ஏற்பாடு. மனமார வரவேற்க வேண்டியது. ஆனால் வரைந்து பார்த்தால் ஒரு புதிய கோடு தெரிகிறது. சென்னை வீடுகளில் குழாயில் நீர் வந்தால்தான் சாக்கடையில் நீர் போகும். சாக்கடையில் நீர் போனால்தான் ஒரகடத்துக்கு நீர் வரும். சுத்திகரிப்புக்கும் இறைப்புக்கும் மின்சாரம் வேண்டும். கடும் வறட்சியில் நகரம் நீரைச் சுருக்கினால், மாற்று ஏற்பாடு என்று நம்பிய குழாயிலும் நீர் குறையும். ஏரிநீருக்கு மாற்றாக வந்த நீரும் கடைசியில் அதே ஏரிகளைத்தான் ஒரு சுற்று சுற்றிச் சார்ந்திருக்கிறது.

மின்சாரத்திலும் இப்படித்தான். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட, கிழக்கு, வடகிழக்கு இந்தியாவில் 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் இருளில் மூழ்கியபோது தமிழ்நாடு தப்பியது. தென்மண்டல மின்தொகுப்பு அப்போது மற்ற மண்டலங்களோடு ஒரே அதிர்வெண்ணில் இணைக்கப்படவில்லை என்பதே காரணம். ஆனால் அந்த இணைப்பு இல்லாததால்தான், 2008 முதல் இங்கே நீடித்த கடும் மின்பற்றாக்குறையில் வடக்கிலிருந்து வேண்டிய அளவு மின்சாரம் கொண்டுவரவும் முடியவில்லை. ஒரகடத்து ஆலைகள் டீசல் புகையில் ஓடின. 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் வந்து நாடு முழுவதும் ஒரே தொகுப்பானது. பற்றாக்குறை தீர இது உதவியது. தொலைவில் நிகழும் பழுது நம் வாசலுக்கு வரும் வழியும் திறந்தது. இணைப்பு என்பது வரவும் செலவும் சேர்ந்தது. படத்தில் அதை இரண்டு நிறங்களில் காட்ட வேண்டும்.

நான்காவது வகையை, சட்டமும் சந்தையும் சார்ந்ததை, நாம் நோக்கியாவில் கண்டோம். வரித் தகராறு, மைக்ரோசாஃப்ட் தன் கொள்முதலில் இந்த ஆலையைச் சேர்த்துக்கொள்ளாதது என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. நோக்கியாவை நம்பி அருகிலேயே ஆலை வைத்திருந்த பாக்ஸ்கானும் அடுத்த மாதமே உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை இழந்தார்கள். மழை இல்லை, தீ இல்லை, நிலநடுக்கம் இல்லை. ஒரே வாங்குபவரைச் சுற்றி ஒரு ஊரையே கட்டியிருந்தோம். இன்று அந்தத் தடத்தில் ஐபோன் பெற்றிருக்கும் இடத்தைப் பார்க்கும்போது இந்தப் பழைய கணக்கை மறக்காமல் இருப்பது நல்லது.

யாருடைய இடர்?

படம் வரைகிறவர் எங்கே நின்று வரைகிறார் என்பதைப் பொறுத்து அதில் தெரிவது மாறும். நிர்வாகத்தின் மேசையிலிருந்து வரைந்தால் தொழிலாளர் ஓர் இடர்: வராமல் போகலாம், வேலைநிறுத்தம் செய்யலாம். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காகச் சுங்குவார்சத்திரம் அருகே பந்தல் போட்டு உட்கார்ந்தபோது, வணிகச் செய்திகள் அதை விநியோகச் சங்கிலியின் இடராகத்தான் எழுதின. அந்தப் பந்தலில் இருந்து வரைந்தால் படம் தலைகீழாகும். ஒப்பந்தம் எப்போது முடியும் என்று தெரியாத வேலை, ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் ஏறும் பஸ், ஒரு அறைக்குப் பல பேர் தங்கும் விடுதி, மழை வந்தால் முதலில் மூழ்கும் தாழ்வான பகுதியில் வாடகை வீடு. ஆலையின் செலவைக் குறைத்த ஒவ்வொரு ஏற்பாட்டிலும் இடரின் ஒரு பகுதி இவர்கள் தோளுக்கு மாறியிருக்கிறது. நிறுவனத்தின் நட்டத்துக்குக் காப்பீடு இருக்கிறது. வரதராஜபுரத்தில் மூழ்கிய வாடகை வீட்டின் பாத்திரபண்டங்களுக்கு இல்லை. இந்த இரண்டு படங்களில் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுப்பது நியாயமும் ஆகாது. 2021 டிசம்பர் காட்டியபடி, தொழிலுக்குப் பாதுகாப்பும் ஆகாது.

அந்த டிசம்பருக்குப் பிறகு நடந்த நல்ல காரியம் ஒன்று உண்டு. வல்லம்–வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை சிப்காட் கட்டியது. 2024 ஆகஸ்ட் 17ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் திறந்துவைத்தார். இடிந்த மண்டபங்களிலும் வாடகைக் கட்டடங்களிலும் அடைந்து கிடந்ததற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் இடர் ஆய்வு செய்பவர் இங்கே நிற்காமல் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். முன்பு பல விடுதிகளில் சிதறியிருந்தவர்கள் இப்போது ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். அந்த வளாகத்தின் உணவும் குடிநீரும் சாலையும் மின்சாரமும் ஒரு நாள் பிழைத்தால் பாதிப்பு 159 பேரோடு நிற்காது. எனவே அந்த வளாகம் ஒரு கார் ஆலைக்கு இணையான கவனத்தோடு படத்தில் இடம்பெற வேண்டும்.

என்ன வரைய வேண்டும்

வரைவதற்கான கருவிகள் இருக்கின்றன. ஏரி, மதகு, துணைமின் நிலையம், சாலைச் சந்திப்பு, விடுதி, மருத்துவமனை, ஆலை எல்லாவற்றையும் புள்ளிகளாக வைத்து, எது எதை நம்பியிருக்கிறது என்று கோடு இழுத்து, ஒவ்வொரு புள்ளியாக அணைத்துப் பார்த்தால் எந்தப் புள்ளி அணைந்தால் அதிகம் சாய்கிறது என்று கணினி சொல்லிவிடும். கோட்டின் மேல் நேரத்தையும் எழுத வேண்டும். மின்சாரம் போனால் மருத்துவமனை எத்தனை மணி தாங்கும்? குழாய் நின்றால் ஆலையின் தொட்டி எத்தனை நாள் வரும்? டீசல் லாரி எந்தச் சாலையில் வரும், அந்தச் சாலை எந்த ஏரியின் கலங்கலுக்குக் கீழே இருக்கிறது? அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் பெரோ 1984இல் எழுதிய நூலில், இறுக்கமாகப் பிணைந்த அமைப்புகளில் விபத்து விதிவிலக்காக வருவதல்ல, அமைப்பின் இயல்பிலேயே இருப்பது என்று வாதிட்டார். பிணைப்பில் எங்கே கொஞ்சம் தளர்வு கொடுக்கலாம் என்று கண்டுபிடிக்கத்தான் இந்த மணிக்கணக்கு தேவைப்படுகிறது.

தரவுகளிலும் பெரும்பகுதி ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது. கிராம வரைபடங்களில் வரத்துக்கால்வாய்கள் இருக்கின்றன. சென்னைக்கான வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு ஒன்றைத் தேசியக் கடலோர ஆய்வு மையம் 2019இலிருந்து இயக்குகிறது. 2015க்குப் பிறகு ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைத்துப் புதிய நீர்த்தேக்கப் பணியை நீர்வளத் துறை எடுத்தது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த 1989ஆம் ஆண்டு விதிகளின்படி, அபாயகரமான வேதிப்பொருள் கையாளும் ஆலைகளுக்காக ஆலைக்கு வெளியேயான அவசரத் திட்டம் மாவட்ட அளவில் இருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டத் திட்டத்தைக் கட்டாயமாக்குகிறது. எல்லாம் தனித்தனிக் கோப்புகள். கார் ஆலைக்கும் செல்போன் ஆலைக்கும் வேதிப்பொருள் விதி பெரும்பாலும் பொருந்தாது. ஏரித்தொடருக்கு மாவட்ட எல்லை பொருந்தாது.

இதற்குள் தடமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டது. தங்கள் ஏரிகளும் ஓடைகளும் போகும் என்று திட்டப் பகுதியில் உள்ள ஏகனாபுரம் மக்கள் அன்றிலிருந்து போராடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை நிலம் இழப்பவர்களின் ஆதங்கமாக மட்டும் கேட்பது பெரும் தவறு. ஏரித்தொடரின் மேற்பகுதியில் ஆயிரக்கணக்கான ஏக்கரை மூடினால் கீழே இருக்கும் ஒவ்வொரு கலங்கலின் கணக்கும் மாறும் என்ற பொறியியல் செய்தி அதில் இருக்கிறது. பரந்தூரில் கட்டுவதா வேண்டாமா என்ற முடிவுக்கு முன்பே தடம் முழுமைக்குமான படம் மேசையில் இருக்க வேண்டும்.

அரசுக்கும் நிறுவனங்களுக்கும் வைக்கும் கோரிக்கை இதுதான். காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆட்சியர்கள் சிப்காட், நீர்வளத் துறை, மின்வாரியம், சென்னைக் குடிநீர் வாரியம், நெடுஞ்சாலைத் துறை ஆகியவற்றை ஒரு மேசையில் உட்காரவைத்து இந்த ஒரே படத்தை வரையட்டும். மானியமும் நிலமும் பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் தன் தொட்டியும் ஜெனரேட்டரும் விடுதியும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற விவரத்தைக் கொடுப்பது நிபந்தனையாகட்டும். ஊராட்சித் தலைவர்களும் தொழிற்சங்கங்களும் ஏரிப்பாசன விவசாயிகளும் அதைத் திருத்தும் உரிமை பெறட்டும். எந்தக் கால்வாய் எந்தச் சுவருக்கு அடியில் புதைந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அந்தப் படம் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரிலேயே, தமிழில், ஒரகடத்திலும் மணிமங்கலத்திலும் முடிச்சூரிலும் மக்கள் பார்க்கும் பொதுச்சுவரில் ஒட்டப்பட வேண்டும்.